ஏழாம் வேற்றுமை

அஸ்தம்பட்டியில், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில்,
ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்க்குத்
தமிழை இங்கிலீஷ் ஆக்குகிறேன்.
பெரும்பாலும் பாகப்பிரிவினை.
இந்த வாரம் ஏற்காட்டு விபத்து.

மாரமங்கலம் சடைச்சி சொன்னது,
சொன்னபடியே, ஒரே வாக்கியம்:
"பதினாலாம் வளைவுலைங்க, பனி எறங்குற நேரம்,
பலாப்பழம் ஏத்துன வண்டி பின்னாலயே வந்து,
பீடி பத்த வெக்கத் திரும்பின எங்க அவரு,
ஐயோ, போயிட்டாருங்க."

தமிழில் வினை கடைசியில் வரும்.
அதுவரை பனி இறங்கலாம், பழம் மணக்கலாம்,
நமுத்த தீக்குச்சி இரண்டாம் உரசலில் பிடிக்கலாம்.
முற்றுப்புள்ளிக்கு ஒரு சொல் முன்புவரை
அவர் உயிரோடு இருந்தார்.
இங்கிலீஷில் எழுவாயை ஒட்டியே வினை நிற்கவேண்டும்.
இரண்டாவது சொல்லிலேயே அவரைக் கொன்றேன்.
பனியும் பழமும் வண்டியும்
எடுத்த பிறகு வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் மாதிரி
பின்னால் நின்றன.

ஹி என்று அடித்தேன்.
டிரைவரும் ஹி. வண்டி ஓனரும் ஹி.
சமாதானம் பேச வந்தவனும் ஹி.
"யார் யாரை இடிச்சதுன்னே புரியல, பேர் போடுங்க"
என்றார் போனில் வக்கீல் தில்லைக்கரசி.
மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும்
சடைச்சி புருஷன் பெயரைச் சொல்லவில்லை.
அவரு. எங்காளு. வீட்டுக்காரரு.
குமாஸ்தா நேராகவே கேட்டதற்கு,
"காவேரிக்கு நடுவுல பெருமாளு படுத்திருக்காரே,
அந்த ஊர்ப் பேருங்க."
சீரங்கன் என்று பதினேழு இடத்தில் போட்டேன்.
முன்னால் ஸ்ரீயா சீயா என்று மட்டும் யோசித்தேன்.

மறுநாள் அதுவும் வேண்டாமென்றார்கள்.
'தி டிசீஸ்டு' போதுமாம்.
ஒரு பெயரடை, முன்னால் ஒரு 'தி'யைக் கட்டிக்கொண்டு
பெயர்ச்சொல்லாக நடமாடலாம் என்று விதி.
பணக்காரர், ஏழை, செத்தவர்,
மூவருக்கும் ஒரே சலுகை.
ஆணா பெண்ணா தெரியாது.
'இறந்தவர்' என்பதில் இருக்கிற 'அர்',
அந்தச் சின்ன மரியாதை, அதில் இல்லை.
ஃபைண்ட். ரீப்ளேஸ்.
பதினேழு சீரங்கனும் ஒரே நொடியில்.

அப்புறம் அந்த 'ல'.
வளைவுல.
இடுப்புக் குழந்தை மாதிரி எந்தப் பெயரிலும் ஏறிக்கொள்ளும்.
உள்ளேயா, மேலேயா, ஓரத்திலா என்று
அதை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.
இங்கிலீஷ் கேட்கிறது.
இன்சூரன்ஸ் கம்பெனி 'ஆன்' என்கிறது:
ரோட்டின் மேல் நின்றான், தப்பில் பாதி அவனுடையது,
தொகையிலும் பாதி போகும்.
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.
பதினாலாம் வளைவில் வெள்ளைக் கோடு அழிந்திருந்தது.
அது இருந்திருக்கவேண்டிய இடத்தில் ஒரு குரங்கு
முறுக்குப் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது.
திரும்பி வந்து 'அட்' போட்டேன்.
அது மொழிபெயர்ப்பா சாட்சியமா, இப்போதும் தெரியவில்லை.

ஐயோ பாக்கி.
எட்டு வகையில் கடைசி,
என்னிடம் இருக்கிற இலக்கணப் புத்தகத்தில் அரைப் பக்கம்.
'அலாஸ்' என்று சேலம் ஜில்லாவில்
எவரும் அழுது நான் கேட்டதில்லை.
'ஓ' போட்டால்
காபி ஆறிப்போன மாதிரி இருக்கிறது.
'ஐயோ' என்றே விட்டால் கோர்ட்டு திருப்பி அனுப்பும்.
இரண்டு கமாக்களுக்கு நடுவில் இருந்தது.
கமாக்களோடு சேர்த்து எடுத்தேன்.
வாக்கியம் முன்னைவிட ஒழுங்காக ஓடியது.

அடியில் என் கையெழுத்து:
இது உண்மையான மொழிபெயர்ப்பு எனச் சான்றளிக்கிறேன்.
'உண்மையான' பெயரடை.
பிடுங்கினாலும் வாக்கியம் நிற்கும்.
பிடுங்க அனுமதி இல்லை.

தமிழில் மூன்று பக்கம்.
இங்கிலீஷில் இரண்டேகால்தான் வந்தது.
இருநூற்றெழுபது ரூபாய், ஜிபேயில் விழுந்தது.